கண்ணாடிமேல் ஒட்டிய பொட்டு

அந்த நாற்காலியில உக்காராதிய, இன்ஜினியரம்மா. பின்னங்காலு கீறல் விட்டுக் கிடக்கு. அதுக்கு ஒரு கதை இருக்கு, பின்னால சொல்லுதேன். இந்த நீலத்துல உக்காருங்க. எப்சிபா டீச்சர் மொட்டைமாடிச் சாவி வாங்கத்தானே போயிருக்கு? வந்துரும். ஆனா உடனே வராது. சாவி இருக்கிறது எங்க சங்கத் தலைவர் அண்ணாச்சி வீட்டுல. தாசில்தாரா இருந்து ரிட்டையர் ஆனவரு. சாவியைக் குடுக்கதுக்கு ஒரு நோட்டு, வாங்குனதுக்கு ஒரு கையெழுத்து, நேரம் போட்டு. நாம ஒரு டீ குடிச்சு முடிச்சிரலாம். குடிக்கியளா? சரி, வேண்டாம்னா விடுங்க.

என் பேரு தங்கபுஷ்பம். மூணாவது மாடி, மூணு-பி. இந்தப் பவளம் அப்பார்ட்மெண்டுல பதினெட்டு வீடு. கட்டி முடிச்ச அன்னைக்குப் பால் காய்ச்சுன முத வீடு எங்க வீடு. பதினாலு வருஷம் ஆச்சு.

உங்ககிட்ட முதல்லயே ஒண்ணு சொல்லிருதேன். மேல போனதும் அண்ணாச்சி உங்களை நேரா அவரு வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போவாரு. ரெண்டு-பி. எங்க வீட்டுக்கு நேர் கீழ. பாத்ரூம் சீலிங்கைக் காட்டுவாரு. ஒரு ஈரத்திட்டு இருக்கும், இந்தா, என் கையகலம். "இது மூணு-பியில இருந்துதான் இறங்குது, அந்தத் தரையை உடைச்சாத்தான் சரியாகும்"னு சொல்லுவாரு. நம்பாதிய. அது பொதுக் குழாய் கசியுற தண்ணி. எங்க வீட்டுத் தரைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. எங்க தரை நல்லா இருக்கு. அதை யாரும் உடைக்க வேண்டியதில்ல. நான் உடைக்க விடவும் மாட்டேன்.

இதை ஏன் முதல்லயே சொல்லுதேன்னா, உங்களை இங்க வரவழைக்கச் சண்டை போட்டவளே நான்தான். ஒரு வருஷமாப் போட்ட சண்டை. அதனால, பொம்பளை பயந்துபோய்ப் பேசுதான்னு நினைச்சிராதிய.

அந்தா, லிஃப்டுக்குப் பக்கத்துல, பிள்ளையார் படத்துக்குக் கீழ, சட்டம் போட்டுக் கண்ணாடி போட்டுத் தொங்குதே, அதுதான் எங்க திட்டம். ஆறு வருஷத்துக்கு முன்ன கோயமுத்தூர்ல இருந்து ஒரு இன்ஜினியர் வந்தாரு. உங்களை மாதிரித்தான், சுத்தியலு டார்ச்லைட்டு எல்லாம் வச்சுக்கிட்டு ரெண்டு நாள் மேலயும் கீழயும் ஏறி இறங்குனாரு. நல்ல மனுசன். லிஃப்டுக் கயிறு எத்தனை வருஷம் தாங்கும், மோட்டார் எத்தனை வருஷம், மொட்டைமாடியில பதிச்ச ஓடு எத்தனை, சன்ஷேடு எத்தனை, எல்லாத்துக்கும் ஆயுசு எழுதிக் குடுத்தாரு. முப்பது வருஷத்துக்கு. அந்த ஆயுசை வச்சுத்தான் ஒவ்வொரு வீடும் ரிப்பேருக்குன்னு மாசாமாசம் எவ்வளவு ஒதுக்கணும்னு முடிவாகும். ஆயுசு தப்புன்னா ஒதுக்குறதும் தப்பு. ஒண்ணு உடையுற அன்னைக்குக் கையை விரிச்சுக்கிட்டு நிக்கணும். இவ்வளவுதான் விஷயம். இது எனக்கே விளங்குது, நான் மூணாப்புதான் படிச்சவ.

அண்ணாச்சி என்ன பண்ணுனாரு தெரியுமா? அந்தத் தாளைக் கொண்டுபோய் லேமினேஷன் போட்டுட்டு வந்துட்டாரு.

நீங்க சிரிக்கிய. அன்னைக்கு யாரும் சிரிக்கல. நல்லா இருக்கு, பளபளன்னு இருக்குன்னு கை தட்டுனாங்க. நானும்தான் தட்டுனேன். அந்த வருஷம் ஆயுத பூசைக்கு லிஃப்டுக்கு, மோட்டாருக்கு, ஜெனரேட்டருக்கு எல்லாம் சந்தனம் குங்குமம் வைக்கயில, எடுத்த கையோட இதுக்கும் ஒரு தீற்றல் வச்சாரு. அதோட முடிஞ்சுது. சந்தனம் வச்சப்புறம் அதுல யாரு பேனா வைப்பா? சாமி ஆயிருச்சு.

அடுத்த வருஷம் நான் கேட்டேன்: "அண்ணாச்சி, ஒரு வருஷம் ஓடிருச்சே, இதுல எதையும் மாத்தி எழுத வேண்டாமா?"

"தங்கபுஷ்பம்மா, லேமினேஷன் பண்ணியாச்சு"ன்னாரு.

அதையே ஒரு பதிலாச் சொன்னாரு பாருங்க. மனுசன் முப்பத்தாறு வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவரு. ஒரு தாள் கையெழுத்தாகி ஃபைலுக்குள்ள போயிட்டா அது முடிஞ்ச தாள். குறை சொல்லல. அவரு தொழில் அப்படி.

எங்க தொழில் வேற. எங்க வீட்டுக்காரக மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருந்தாக. முப்பத்திரண்டு வருஷம். நான் கல்லாவுல உக்காந்திருப்பேன். உக்காந்து உக்காந்து என்ன படிச்சேன்னா, சத்தம் படிச்சேன். மோட்டார்மேல ஸ்க்ரூடிரைவரோட மூக்கை வச்சு, கைப்பிடியைக் காதுல வச்சுக் கேக்கணும். பேரிங் நல்லா இருந்தா தேனீ மாதிரி ஒரே சீராக் கேக்கும். போகப்போகுதுன்னா உள்ள யாரோ மணலை மெல்லுத மாதிரி கேக்கும். எங்க வீட்டுக்காரக சந்தேகம் வந்தா என்னைத்தான் கூப்பிடுவாக. "புஷ்பம், இதைக் கேட்டுச் சொல்லு." நான் கேட்டுச் சொன்னது தப்புனதில்ல.

போன வருஷம் ஆனி மாசம் நம்ம கீழ் தண்ணி மோட்டாரைக் கேட்டேன். மணல் மெல்லுது.

அண்ணாச்சிகிட்டப் போய்ச் சொன்னேன். என்னை இங்க கூட்டிட்டு வந்து, அந்தத் தாள்ல விரலை வச்சுக் காட்டுனாரு. "ரெண்டாயிரத்து முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு. இது இன்ஜினியர் குடுத்த கணக்கு, உங்க காது குடுத்த கணக்கு இல்ல."

"அண்ணாச்சி, மோட்டாருக்கு வாசிக்கத் தெரியாது"ன்னேன்.

அதுல கொஞ்சம் கோவம் அவருக்கு.

மாதா கோயில் திருவிழா வந்துச்சு. நம்ம ஊரு உங்களுக்குத் தெரியும்லா, பத்து நாளும் வீட்டுக்கு வீடு விருந்தாளி. பத்தாம் திருவிழா அன்னைக்குக் காலையில மோட்டார் நின்னுருச்சு. காயில் கருகி, பேரிங் நொறுங்கி, உள்ள ஒண்ணும் மிச்சமில்ல. நாலு நாள் குழாயில தண்ணி இல்ல. பட்டுச்சேலை கட்டுன விருந்தாளியெல்லாம் தொட்டியில இருந்து வாளியில மோண்டு மூணு மாடி ஏறுனாங்க. எப்சிபா டீச்சர் வீட்டுக்கு மட்டும் பதினோரு பேரு. டீச்சர் என்னைப் பார்த்து, "புஷ்பக்கா, உங்க காதுக்கு ஒரு பூசை போடணும்"னு சொல்லுச்சு. அது கிறிஸ்தவப் பிள்ளை. இருந்தும் சொல்லுச்சு.

புது மோட்டார் வாங்குனோம். அதுக்குன்னு இன்னும் ஒண்ணும் சேரல. முப்பத்தொண்ணுலதானே அதுக்கு நேரம்? பெயிண்டுக்கு வச்சிருந்ததுல எடுத்தோம். சரி போகட்டும். ஆனா தாளைப் பாருங்க. புது மோட்டார் கீழ ஓடுது, தாளுல பழைய மோட்டார் இன்னும் உயிரோட இருக்கு. பெயிண்டு அடிக்க அடுத்த வருஷம்னு போட்டிருக்கு, பெயிண்டுக்குச் சேர்த்தது மோட்டாராப் போயிருச்சு. செத்தவனுக்கு ரேஷன் கார்டு இருக்கு, பிறந்த பிள்ளைக்கு இல்ல. தாசில்தாரு இதைப் பார்த்தா சம்மதிப்பாரான்னு அவருகிட்டயே கேட்டேன்.

"ஒரு தடவை நடந்துபோச்சுங்கிறதுக்காகத் திட்டத்தை மாத்த முடியாது"ன்னாரு.

அன்னைக்குத்தான் நான் முடிவு பண்ணுனேன்.

என்கிட்டப் பேனா இல்ல, இருந்தாலும் லேமினேஷன்ல எழுதாது. ஆனா பொட்டு இருந்துச்சு. ஸ்டிக்கர் பொட்டு. எங்க வீட்டுக்காரக போனப்புறம் நான் வைக்கிறதில்ல. வைக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லல, எனக்குத்தான் கண்ணாடி முன்ன போய் நிக்கத் தோணல. பீரோவுல ஏழெட்டு அட்டை கிடந்துச்சு. சிவப்பு இருந்துச்சு, பச்சையும் இருந்துச்சு, என் பேத்தி வாங்கிக் குடுத்தது. அதை எடுத்துட்டு வந்தேன். மோட்டாருக்கு நேரா ஒரு பச்சை. அப்படின்னா மாத்தியாச்சுன்னு அர்த்தம். லிஃப்டுக் கயிறுக்கு நேரா ஒரு சிவப்பு, ஏன்னா ரெண்டாவது மாடிக்கிட்ட ஒரு முனகல். சன்ஷேடுக்கு நேரா சிவப்பு. கடல் காத்து, இன்ஜினியரம்மா. கோயமுத்தூர்ல கம்பி நாப்பது வருஷம் இருக்கும்னா இருக்கும். இங்க உப்பு தின்னுரும். சன்ஷேடுக்கு அடியில துரு வடிஞ்சு கோடு கோடா இறங்கி இருந்துச்சு, கண்ணு இருக்கிற யாரும் பார்க்கலாம்.

மறுநாள் பார்த்தா பொட்டைக் காணும். சுரண்டி எடுத்திருக்காரு. நான் திரும்ப ஒட்டுனேன். அவரு திரும்ப எடுத்தாரு. ஒரு மாசம் இப்படியே போச்சு. காலையில அவரு நடக்கப் போகயில எடுப்பாரு, பத்து மணிக்கு நான் காய்கறி வாங்க இறங்கையில ஒட்டுவேன். வாட்ச்மேன் சேர்மராஜ் அண்ணன் அந்த நாற்காலியில உக்காந்து வேடிக்கை பார்த்துக்கிட்டு இருக்கும். அப்புறம் ஒரு நோட்டீஸ் வந்துச்சு. எப்சிபா டீச்சர்தான் வாசிச்சுக் காட்டுச்சு. "சங்கத்தின் அங்கீகரிக்கப்பட்ட ஆவணத்தின்மீது பொட்டு ஒட்டுவது கண்டிக்கத்தக்கது. ஒட்டுபவர் யார் என்பது தெரியவந்தால் நடவடிக்கை எடுக்கப்படும்."

நான் நேரா ரெண்டு-பிக்கு இறங்கிப் போய் மணியை அடிச்சேன். "அண்ணாச்சி, நான்தான். எடுங்க நடவடிக்கை."

அவரு சம்சாரம் உள்ள இருந்து சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. வரும்போது அந்த நோட்டீஸுக்கும் ஒரு பொட்டு வச்சுட்டு வந்தேன்.

அதுக்கப்புறம்தான் இந்தச் சட்டமும் கண்ணாடியும். பஜார்ல குடுத்து, தேக்குச் சட்டம் போட்டு, ஒரு முழம் உசத்தி ஆணி அடிச்சு மாட்டுனாரு. என் கைக்கு எட்டக்கூடாதாம். எனக்கு ஒரே சிரிப்பு. அட மனுசா, பொட்டு கண்ணாடியிலதானே இன்னும் நல்லா ஒட்டும்? எந்த வீட்டு பாத்ரூம் கண்ணாடியை வேணும்னாலும் பாருங்க, ஓரத்துல அஞ்சாறு ஒட்டியிருக்கும். பொண்டாட்டி, ரெண்டு மக, எல்லாம் உள்ள வீட்டுல இருந்துக்கிட்டு இது தெரியாம இருந்திருக்காரு. ஸ்டூலைப் போட்டு ஏறுனேன். வரிசையா ஒட்டுனேன்.

அப்பத்தான் ஒண்ணு கவனிச்சேன். ஒரு வரியைக் காணும்.

எனக்கு எண்ணு நல்லா வரும், எழுத்துதான் கூட்டிக் கூட்டி வரும். அதனால நான் அந்தத் தாளை வாசிக்கிறதில்ல, கோலத்தைப் பார்க்கிற மாதிரி பார்ப்பேன். எந்தக் கோடு எங்க இருக்குன்னு மனசுல பதிஞ்சு கிடக்கும். எல்லாத்துக்கும் அடியில, கடைசியில, எறும்பு ஊர்ந்து போன மாதிரி பொடி எழுத்துல ஒரு வரி இருந்துச்சு. இப்ப இல்ல. சட்டத்தோட கீழ்க்கட்டை அதை மறைச்சுருச்சு. வாசிக்கத் தெரிஞ்ச பதினேழு வீட்டுல ஒருத்தருக்கும் அது தெரியல. ஏன்னா அவங்க யாரும் அதை ஒரு நாளும் வாசிக்கல.

அந்த வரியில என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது. ஆனா பொடி எழுத்துல எழுதுறதைத்தான் எங்க கடையில எப்பவும் முதல்ல வாசிக்கணும்னு எங்க வீட்டுக்காரக சொல்லுவாக. கேரண்டி கார்டுல அப்படித்தானே?

"சட்டத்தைக் கழட்டுங்க, அடியில ஒரு வரி இருக்கு"ன்னு கேட்டேன். "சட்டம் போட்டு நாலு மாசம்கூட ஆகல, நீங்க ஒட்டிக்கிட்டே இருங்க"ன்னு போயிட்டாரு.

இப்ப அந்த நாற்காலிக் கதைக்கு வாரேன். தை மாசம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில, ஸ்கூல் வேன் வந்துட்டுப் போன அஞ்சாவது நிமிஷம். மேல சன்ஷேடுல இருந்து ஒரு துண்டு, இந்தா, ஒரு இட்லிச் சட்டி அகலம் இருக்கும், பொத்துன்னு விழுந்துச்சு. நாற்காலி அப்ப வெளிய கிடந்துச்சு. சேர்மராஜ் அண்ணன் எப்பவும் உக்காந்திருக்கிற நாற்காலி. அன்னைக்கு அண்ணன் டீ குடிக்கப் போயிருந்துச்சு. நாற்காலிக் காலுதான் கீறுச்சு. நான் பால்கனியில நின்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். விழுந்த சத்தம் கேட்டுச்சு, அப்புறம் ஒரு நிமிஷம் ஒரு சத்தமும் இல்ல. அந்த ஒரு நிமிஷம் என் காதுக்குள்ள இன்னும் இருக்கு.

தாளுல சன்ஷேடுக்கு என்ன போட்டிருக்கு தெரியுமா? ரெண்டாயிரத்து முப்பத்தாறு.

ஞாயித்துக்கிழமை கூட்டம் போட்டாங்க, இங்கனயே, கார் நிறுத்துற இடத்துல. அண்ணாச்சி எழுந்து, இது எதிர்பாராத விபத்து, சிமெண்டு பூசி விட்டாச்சு, திட்டம் திட்டப்படி தொடரும்னாரு. நான் எழுந்தேன். எனக்குக் கூட்டத்துல பேசிப் பழக்கம் இல்ல. "அந்தச் சட்டத்தைக் கழட்டுங்க"ன்னு மட்டும் சொன்னேன்.

"எதுக்கு?"

"அடியில ஒரு வரி இருக்கு."

"என்ன வரி?"

"வாசிச்சாத்தானே தெரியும்."

யாரோ சிரிச்சாங்க. அண்ணாச்சி, "தங்கபுஷ்பம்மா, கூட்டத்தோட நேரத்தை வீணாக்காதிய"ன்னாரு. அப்ப எப்சிபா டீச்சர் எழுந்துச்சு. செயலாளர் பாருங்க, அதிகாரம் இருக்கு. போய் ஸ்டூல்ல ஏறி, படத்தை இறக்கி, மடியில வச்சு, ஹேண்ட்பேக்குல இருந்த நகவெட்டியை எடுத்துப் பின்னால ஆணியை ஒண்ணு ஒண்ணா நிமித்துச்சு. எட்டு ஆணி. தாளை உருவி எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு, வகுப்புல வாசிக்கிற மாதிரி சத்தமா வாசிச்சுச்சு:

"கடற்காற்று உள்ள ஊர் என்பதால், மேற்கண்ட ஆயுட்காலங்கள் உத்தேசமானவை. ஆண்டுதோறும் நேரில் பார்த்துத் திருத்தப்பட வேண்டும். திருத்தப்படாவிடில் இத்திட்டத்தை நம்ப வேண்டாம்."

கோயமுத்தூர்க்காரரு நல்ல மனுசன்னு சொன்னேன்லா? அவரு எழுதித்தான் குடுத்திருக்காரு. நாமதான் அது மேல கட்டையை வச்சு ஆணி அடிச்சிருக்கோம்.

அண்ணாச்சி, "அதெல்லாம் எல்லாரும் வழக்கமாப் போடுற வாசகம்"னாரு. ஆனா குரல்ல பழைய தெம்பு இல்ல. ஓட்டெடுத்தாங்க. பன்னெண்டுக்கு அஞ்சு. ஒரு வீட்டுக்காரர் வெளியூரு. வருஷா வருஷம் இன்ஜினியரை வரவழைக்கணும், திட்டத்தைத் திருத்தணும், அதுக்குத் தக்க மாசச் சேமிப்பையும் மாத்தணும். எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. புதுத் தாள் வர்ற வரைக்கும் பழசைத் திரும்ப அதே சட்டத்துல மாட்டி வச்சிருக்கு. அந்தத் தீர்மானத்தோட காலுலதான் நீங்க நடந்து வந்திருக்கிய.

கை தட்டி முடிக்கலை, அண்ணாச்சி எழுந்துட்டாரு. மனுசன் சும்மா தாசில்தார் ஆகல. "ரொம்ப சரி. திருத்துறதுன்னா முழுசாத் திருத்தணும். பொதுச் சுவரு பொதுக் குழாய் மட்டும் பார்த்தாப் பத்தாது. ஒவ்வொரு வீட்டு பாத்ரூம் தரையும் பார்க்கணும். கேட்டது தங்கபுஷ்பம்மா, அதனால மூணு-பியில இருந்தே ஆரம்பிப்போம்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க.

"ஆரம்பிங்க"ன்னேன். வேற என்ன சொல்லச் சொல்லுதிய?

இதைத்தான் உங்களுக்கு முதல்லயே சொன்னேன். எங்க தரைக்கு ஒண்ணும் இல்ல. நானே கழுவுதேன், நானே துடைக்கேன், எனக்குத் தெரியாதா? அந்த மூலையில நான் தண்ணியே ஊத்துறதில்ல. ஒரு சாக்கை மடிச்சுப் போட்டு வச்சிருக்கேன். குளிக்கிறது வாசப்பக்கம் நின்னுதான். தண்ணி ஊத்தாத இடத்துல எப்படித் தண்ணி இறங்கும்?

ஏன் ஊத்துறதில்லையா? சும்மாதான். வழுக்கும்னு.

இல்ல, நீங்க அப்படிப் பார்க்காதிய. சொல்லுதேன். அந்த மூலையில பன்னெண்டு டைல்ஸ் எங்க வீட்டுக்காரக ஒட்டுனது. பழைய டைல்ஸ் பேந்துபோச்சு, ஒட்டுறவன் வாரேன் வாரேன்னு மூணு நாள் வரல. "இது என்ன பெரிய வித்தையா"ன்னு கைலியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு இறங்கிட்டாக. காயில் கட்டுற கை, கம்பி சுத்துற கை, சிமெண்டு எங்க பழக்கம்? வெள்ளை டைல்ஸ் பத்தலை. கடையில மிச்சம் கிடந்ததுன்னு பச்சையில நாலு வாங்கிட்டு வந்து சேர்த்து வச்சாக. ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கி, பார்த்தா பல்லு வரிசை மாதிரி இருக்கும். "என்னய்யா இது"ன்னேன். "உனக்குத் தெரிஞ்சா போதும், வேற யாரு பாத்ரூமுக்கு விருந்து வாரா"ன்னாக. அன்னைக்கு நாங்க சிரிச்ச சிரிப்பு கீழ் வீட்டுக்குக் கேட்டிருக்கும். அதுல இருந்து நாப்பது நாள்தான் இருந்தாக. வேற ஒண்ணும் இல்ல, கடையில உக்காந்திருக்கும்போதே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டாக. அஞ்சு வருஷம் ஆச்சு.

மஸ்கட்டுல இருந்து என் மகன் வந்தப்பக்கூடச் சொன்னான், "அம்மா, பாத்ரூமைப் புதுசாப் போட்டுருவோம்"னு. "உன் வேலையைப் பாரு"ன்னுட்டேன்.

அந்தா வந்துட்டாங்க. பார்த்தியளா, டீச்சர் சாவியோட, அண்ணாச்சி பின்னாலயே. சாவியைத் தனியா விடுவாரா? வாங்க, லிஃப்டுலயே போவோம். இப்ப காதைக் கூர்மையா வச்சுக்கிடுங்க, ரெண்டாவது மாடிக்கிட்ட… இந்தா. கேட்டியளா? அதுதான் நான் சொன்ன முனகல். எழுதிக்கிடுங்க. அண்ணாச்சி, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், அவங்களுக்குக் காது இருக்கு.

என்ன, மூணு-பியிலேயே ஆரம்பிக்கணுமா? அதைத்தான் தீர்மானத்துல எழுதியிருக்கா? நான் ஓட்டுப் போட்ட தீர்மானம். வாங்க. செருப்பைக் கழட்டிட்டு வாங்க. இல்ல, டீச்சர், நீங்க உள்ள வாங்க. அண்ணாச்சி, நீங்க அந்தக் கதவுகிட்டயே நில்லுங்க. ஆமா, அங்கயே. உங்க வீட்டு சீலிங் உங்க வீட்டுல இருக்கு, இது எங்க வீட்டுத் தரை.

சாக்கை நானே எடுக்கேன். விடுங்க, டீச்சர். அஞ்சு வருஷமா நான்தான் எடுக்கேன்.

இன்ஜினியரம்மா, இப்படிக் குனிங்க. சுத்தியலைத் திருப்பிக் கட்டையால தட்டுங்க. முதல்ல அந்த வெள்ளையை. கொத்தன் ஒட்டுனது. கேட்டியளா, கெட்டியா இருக்கு. அடுத்தது. அதுவும் கெட்டி. இப்ப இங்க. பச்சை.

தட்டுங்க. பரவாயில்ல, தட்டுங்க.

ம்.

டொப்புன்னு கேக்குதுல்லா? அடியில சிமெண்டு பிடிக்கவே இல்ல. வெறும் காத்து. வாசப்பக்கம் ஊத்துற தண்ணி ஓடி வந்து இங்கதான் இறங்குது. இன்னொண்ணைத் தட்டுங்க. அதுவும் அப்படித்தான். நாலும் அப்படித்தான், பக்கத்து வெள்ளையில மூணும் அப்படித்தான். நீங்க தட்டிச் சொல்ல வேண்டியதில்ல. எனக்கு ரெண்டு வருஷமாக் கேக்குது. வெறுங்காலோட நடந்தாலே கேக்குது. மூணு மாடி கீழ இருக்கிற மோட்டார் கேக்குறவளுக்கு, காலுக்கு அடியில இருக்கிறது கேக்காதா?

அண்ணாச்சி, வாயைத் திறக்காதிய. "நான் அப்பவே சொன்னேன்"னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா இந்தச் சாக்கைத் திரும்பப் போட்டுருவேன். உங்க வீட்டு சீலிங் நனைஞ்சதுக்கு நானே பூசித் தாரேன், பெயிண்டும் அடிச்சுத் தாரேன். மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன். நீங்க சன்ஷேடுக்குக் கேட்டியளா? சேர்மராஜ் அண்ணன்கிட்டக் கேட்டியளா? அப்ப நாமும் சமமாப் போவோம்.

இன்ஜினியரம்மா, உடைக்கிற ஆளுகிட்டச் சொல்லிருங்க. வெள்ளை எப்படிப் போனாலும் போகட்டும். பச்சை நாலையும் நெம்பி முழுசா எடுக்கணும். ஒட்டாத டைல்ஸ்தானே, சுலபமா வரும். அந்த விஷயத்துல எங்க வீட்டுக்காரக வேலை ரொம்ப சுத்தம். கீழ புதுசா நீங்க சொல்லுத மாதிரி எல்லாம் போட்டு, அதே மூலையில அதே நாலையும் திரும்ப ஒட்டணும். இந்தத் தடவை பிடிக்கணும். கோணலா இருந்தா கோணலாவே இருக்கட்டும், நேராக்குறேன்னு யாரும் வந்துராதிய.

நீங்க மேல மொட்டைமாடியைப் பாருங்க. கீழ தாளுல குளியலறை நீர்க்கசிவுன்னு ஒரு வரி இருக்குன்னு டீச்சர் ஒரு நாள் வாசிச்சுக் காட்டுச்சு. அதுல என்னமோ நாப்பத்தொண்ணோ என்னமோ போட்டிருக்கு. அது தப்பு. இந்த வருஷம்னு போடணும். புதுத் தாள் அடிச்சு வர்ற வரைக்கும் அங்க ஒரு சிவப்புப் பொட்டு வேணும்.

அட்டையைத் தாங்க, டீச்சர், அந்த டிவி மேல இருக்கு. ஸ்டூலையும் எடுத்துட்டு வாங்க, கீழ போவோம். இல்ல, அண்ணாச்சி, உங்ககிட்டத் தர மாட்டேன். ஸ்டூலை வேணும்னா பிடிச்சுக்கிடுங்க, ஆடாம. அந்த வரிக்கு நேரா நான்தான் ஒட்டுவேன். ஒட்டுனதை ஒருத்தரும் சுரண்டக் கூடாது.